அளந்து பேசும் கணினி

விரலை வெட்டி எடுத்தால் கையையே வெட்டி எடுத்ததாக ஆகுமா? ஆகும் என்றது ஒரு கணினி. ஏதோ பொழுதுபோக்கு நிரல் சொல்லியிருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். சொன்னது, ஸ்நோமெட் சிடி என்ற மருத்துவக் கலைச்சொல் தொகுப்பை வைத்துக் கணக்குப் போட்ட நிரல். நோய்கள், உறுப்புகள், அறுவை சிகிச்சைகள், மருந்துகள், கிருமிகள் என மூன்றரை லட்சம் கருத்துகளை அடக்கிய தொகுப்பு அது. பல நாடுகளில் நோயாளியின் மின்னணுப் பதிவேட்டை அதன் குறியீடுகளைக் கொண்டு எழுதுகிறார்கள். இந்தியாவும் 2014-ல் அதில் உறுப்பு நாடாகச் சேர்ந்தது. அதன் பழைய பதிப்பு ஒன்றிலிருந்து ‘விரல் துண்டிப்பு என்பது கைத் துண்டிப்பின் ஒரு வகை’ என்ற முடிவு, தர்க்கத்தில் ஒரு பிசகும் இல்லாமல், வந்து விழுந்தது.

நிரல் தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருந்தது. கோளாறு, அறிவை எழுதி வைத்த விதத்தில். செயற்கை நுண்ணறிவுத் துறையில் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு வழக்கைப் புரிந்துகொள்ள இந்தப் பிழையைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. அதனால் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம்.

விரலில் காயம் என்றால் அது கையில் பட்ட காயமும்தான். விரல் எலும்பு முறிந்தால் அதைக் கையெலும்பு முறிவுக் கணக்கில் சேர்க்கலாம். ஆகவே ‘விரல், கையின் பகுதி’ என்பது கணினிக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் அக்காலத்து நிரல்களுக்கு நன்றாகக் கைவந்த தர்க்கம் ‘இது அதன் வகை’ என்பதுதான். நிமோனியா நுரையீரல் நோயின் வகை; நுரையீரல் நோய் சுவாச நோயின் வகை; எனவே நிமோனியா சுவாச நோயின் வகை. ‘இது அதன் பகுதி’ என்ற உறவை நேரடியாகக் கையாளப் பல நிரல்களில் வசதி இல்லை. இருந்தவற்றிலும் கணக்கு இழுத்துக்கொண்டே போகும் என்ற பயம். எனவே ஒரு குறுக்கு வழி கண்டார்கள். ஒவ்வோர் உறுப்புக்கும் மூன்று பதிவுகள்: ‘முழு விரல்’, ‘விரலின் பகுதி’, இரண்டையும் உள்ளடக்கிய ‘விரல் அமைப்பு’. கைக்கும் அப்படியே மூன்று. ‘விரல் அமைப்பு’ என்பதை ‘கையின் பகுதி’ என்பதற்குக் கீழும், ‘கையின் பகுதி’ என்பதைக் ‘கை அமைப்பு’ என்பதற்குக் கீழும் வைத்துவிட்டால், பகுதி உறவு வகை உறவின் வேடத்தில் உள்ளே நுழைந்துவிடும். காயம், முறிவு எல்லாவற்றுக்கும் இது அழகாக வேலை செய்தது. துண்டிப்பை வரையறுக்கும்போது மட்டும் ‘முழுக் கை’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘கை அமைப்பு’ என்று எழுதிவிட்டார்கள். மிச்சத்தைத் தர்க்கம் பார்த்துக்கொண்டது.

இத்தனை சுற்றி வளைப்பானேன், தெரிந்த உண்மைகளை எல்லாம் பட்டியல் போட்டு வைத்தால் போதாதா என்று கேட்கலாம். நம் உறவுமுறையை எடுத்துக்கொள்ளுங்கள். 500 பேர் கொண்ட சொந்தபந்தக் கூட்டத்தில் யார் யாரை என்ன சொல்லிக் கூப்பிட வேண்டும் என்று பட்டியல் போட்டால் 2,49,500 வரிகள் வரும். எந்தப் பெரியம்மாவும் அதை மனப்பாடம் செய்து வைத்திருப்பதில்லை. இவனுக்கு அப்பா யார், அம்மா யார், ஆணா பெண்ணா, வயது என்ன, யாரைக் கட்டியிருக்கிறான் என்று ஆளுக்கு ஐந்து தகவல் அவர் நினைவில் இருக்கும், மொத்தம் 2,500. அதோடு ‘அப்பாவின் உடன்பிறந்தவள் அத்தை’, ‘அத்தையின் கணவர் மாமா’ என்பதுபோல் சில பத்து விதிகள். மற்றதை அவ்வப்போது கணக்குப் போட்டுச் சொல்லிவிடுவார். குடும்பத்தில் ஒரு குழந்தை பிறந்தால் நாலைந்து தகவல் சேர்த்தால் போதும். பட்டியல்காரர் 1,000 புது வரி எழுத வேண்டும். சேமிப்பு குறைந்ததற்கு விலை, கேள்வி வரும்போது யோசிக்க ஆகும் நேரம். அந்த நேரம் எவ்வளவு என்பதுதான் நம் வழக்கு.

இந்த ஏற்பாட்டைக் கணினிக்குக் கொடுக்கலாம் என்று முதலில் தெளிவாக எழுதியவர் அமெரிக்கக் கணிதவியலாளர் ஜான் மெக்கார்த்தி. 1958 நவம்பரில், லண்டனை ஒட்டிய டெடிங்டனில் பிரிட்டனின் தேசிய இயற்பியல் ஆய்வகம் நடத்திய கருத்தரங்கில், பொது அறிவுள்ள நிரல்களைப் பற்றி அவர் ஒரு கட்டுரை வைத்தார். உதாரணம் எளியது. ஒருவர் மேசை முன் உட்கார்ந்திருக்கிறார். கார் வீட்டில் நிற்கிறது. விமான நிலையம் போக வேண்டும். நிலைமையையும் விதிகளையும் தர்க்க வாக்கியங்களாக எழுதிக் கொடுத்தால், காருக்கு நடந்து போ, பிறகு ஓட்டு என்று நிரல் தானாகவே முடிவுக்கு வர வேண்டும். கேட்டுக்கொண்டிருந்த யெஹோஷுவா பார்-ஹில்லெல், அரைவேக்காட்டு எண்ணங்களுக்கென்று ஓர் ஆய்விதழ் இருந்தால் அதில் வரவேண்டிய கட்டுரை இது என்று சொல்லிவிட்டார். கடுமையான பேச்சுதான். ஆனால் சாவி எங்கே, பெட்ரோல் இருக்கிறதா, காரை வேறு யாராவது எடுத்துப் போயிருந்தால் என்று கேட்க ஆரம்பித்தால் அந்த உதாரணம் தாங்காது என்பது உண்மை. ஒரு செயலால் எவை மாறும் என்று சொல்வது சுலபம். மாறாதவை அத்தனையும் மாறாமல் இருக்கின்றன என்று எப்படிச் சொல்வது? நான் காரை ஓட்டினால் மேசையின் நிறம் மாறாது என்று தனியாக எழுதி வைப்பதா? 1969-ல் மெக்கார்த்தியும் பேட்ரிக் ஹேயஸும் சேர்ந்து இந்தச் சிக்கலுக்கு ஒரு பெயர் வைத்தார்கள். இத்துறையில் இன்றும் அது தனிப் பாடம்.

அதைவிடப் பெரிய தலைவலி நேரம். தர்க்க மொழி முழுவதையும் கணினிக்குக் கொடுத்தால், ‘அல்லது’, ‘இல்லை’ ஆகிய இரண்டும் கூடவே வந்துவிடுகின்றன. அவை வந்ததும் கிளை பிரியத் தொடங்கும். இதுவாக இருந்தால் ஒரு வழி, அதுவாக இருந்தால் இன்னொரு வழி. ஒவ்வொன்றிலும் மறுபடி இரண்டு. ஆம் அல்லது இல்லை என்ற விடை உள்ள 50 விஷயங்கள் ஒன்றோடொன்று பின்னியிருந்தால், எல்லாச் சேர்க்கைகளையும் வினாடிக்கு 10 லட்சம் வீதம் சோதித்தாலும் 35 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். 60 விஷயம் என்றால் 36,000 ஆண்டுகள். வேகமான கணினி வாங்குவது இதற்கு மருந்தாகாது. வேகம் ஆயிரம் மடங்கானால் கூடுதலாகப் பத்து விஷயங்களைச் சமாளிக்கலாம், அவ்வளவுதான்.

எழுபதுகளில் இதற்கு ஒரு மாற்றாகச் சட்டக வழி வந்தது. தர்க்க வாக்கியங்களைச் சிதறலாக எழுதாமல், ஒவ்வொரு கருத்துக்கும் ஒரு படிவம்: இதன் மேல்வகை என்ன, என்னென்ன உறுப்புகள், ஒவ்வொன்றுக்கும் என்ன கட்டுப்பாடு. மார்வின் மின்ஸ்கி 1974-ல் இதைப் பற்றி எழுதினார். ரொனால்ட் பிராக்மன் என்ற இளைஞர் தம் முனைவர் பட்ட ஆய்வில் இதற்குத் துல்லியமான இலக்கணம் வகுக்க முயன்றார். அதிலிருந்து கேஎல்-ஒன் என்ற அமைப்பு பிறந்தது. படிவம் என்றால் சிக்கனம், சிக்கனம் என்றால் வேகம் என்று பலரும் நம்பினார்கள். அந்த நம்பிக்கைக்கு வேட்டு வைத்தவரும் பிராக்மன்தான். 1984-ல் அவரும் ஹெக்டர் லெவெக்கும் வெளியிட்ட சிறு கட்டுரையை இத்துறையின் திருப்புமுனை என்று தயங்காமல் சொல்வேன்.

அவர்கள் எடுத்துக்கொண்டது மிகச் சிறிய ஒரு மொழி. அதில் ‘ஆகவும்’ என்று சேர்க்கலாம். ‘மகள் ஒருத்தியாவது உண்டு’ என்று சொல்லலாம். ‘மகள்கள் எல்லாரும் மருத்துவர்கள்’ என்று சொல்லலாம். ‘அல்லது’ கிடையாது, ‘இல்லை’ கிடையாது. இந்த மொழியில் இரண்டு வரையறைகளைக் கொடுத்து, ஒன்று மற்றொன்றின் வகையா என்று கேட்டால் கணினி நொடியில் சொல்லிவிடும். வரையறை இரு மடங்கு நீண்டால் நேரம் நான்கு மடங்கு, அதற்கு மேல் போகாது. பிறகு மொழியில் ஒரே ஒரு வசதியைச் சேர்த்தார்கள். ‘மகள்கள்’ என்ற இடத்தில் ‘இன்ன மாதிரியான மகள்கள்’ என்று அடைமொழி போடலாம். பார்க்க ஒன்றுமே இல்லாத சேர்க்கை. அதோடு கணக்கு, மிகக் கடினமானவை என்று கருதப்படும் வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டது.

ஓர் அடைமொழிக்கு இவ்வளவு சக்தி எங்கிருந்து வந்தது? இரண்டு வாக்கியங்களைப் பாருங்கள். ‘குழந்தை உள்ள மகள்கள் எல்லாரும் மருத்துவர்கள்.’ ‘தம் குழந்தைகள் அனைவரும் பள்ளிக்குப் போகும் மகள்கள் எல்லாரும் மருத்துவர்கள்.’ இவற்றிலிருந்து, மகள்கள் எல்லாரும் மருத்துவர்கள் என்று முடிவாகிறது. நம்ப முடியவில்லையா? குழந்தை உள்ள மகளை முதல் வாக்கியம் பிடித்துக்கொள்கிறது. குழந்தை இல்லாத மகளுக்கு, ‘குழந்தைகள் அனைவரும் பள்ளிக்குப் போகிறார்கள்’ என்பது தர்க்கப்படி உண்மை. பள்ளிக்குப் போகாத குழந்தை ஒன்றை யாரும் காட்ட முடியாதே! அவளை இரண்டாவது வாக்கியம் பிடித்துக்கொள்கிறது. வாசலில் நிறுத்தி வைத்த ‘அல்லது’வும் ‘இல்லை’யும் கொல்லைப்புறமாக வந்துவிட்டன. இப்படிப்பட்ட ஜோடிகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினால் பழையபடி கிளைகள், பழையபடி 36,000 ஆண்டுகள்.

அந்தக் கட்டுரை ஒரு பேரத்தை வெளிச்சம் போட்டுக் காட்டியது. அதிகம் சொல்ல அனுமதிக்கும் மொழியில் யோசிக்க நேரமாகும். சீக்கிரம் யோசிக்க வேண்டுமானால் சொல்வதைக் குறைக்க வேண்டும். ஐந்தே ஆண்டுகளில் இன்னும் மோசமான செய்தி வந்தது: கேஎல்-ஒன் முழு வடிவில், எவ்வளவு நேரம் கொடுத்தாலும் எல்லாக் கேள்விகளுக்கும் முடிவு தரும் நிரலை எழுதவே முடியாது என்று 1989-ல் நிரூபித்துவிட்டார்கள். பிராக்மன் குழுவினர் ஏடி அண்ட் டி பெல் ஆய்வகத்தில் வேண்டுமென்றே குறுக்கிய மொழியோடு கிளாசிக் என்ற அமைப்பைக் கட்டினார்கள். தொலைபேசிக் கருவிகளின் பாகங்களைப் பொருத்தமாகத் தேர்ந்தெடுக்க அது உண்மையிலேயே பயன்பட்டது. எதிர்ப்பும் கிளம்பியது. 1991-ல் ஜான் டாயிலும் ரமேஷ் பாட்டீலும், மொழியை இப்படி நறுக்கினால் வேலைக்கு வேண்டியதைச் சொல்ல முடியாமல் ஆட்கள் குறுக்கு வழி தேடுவார்கள் என்று வாதாடினார்கள். விரல் துண்டிப்புக் கதையைப் படித்த யாரும் இதை மறுக்க மாட்டார்கள். எங்கே நறுக்குவது என்பதில்தான் திறமை இருக்கிறது.

சுவாரசியம் என்னவென்றால், இருபது ஆண்டு காலம் எல்லாரும் தவறான இடத்தில் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். ‘எல்லாரும்’ என்பதை யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. சட்டகம் என்றாலே கட்டுப்பாடு, கட்டுப்பாடு என்றாலே ‘எல்லாம்’ என்று பழகிவிட்டது. 2003 வாக்கில் ஜெர்மனியின் ட்ரெஸ்டன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பிரான்ஸ் பாடெர் எதிர்ப்பக்கம் பார்த்தார். ‘எல்லாம்’ என்பதைத் தூக்கிவிட்டு, ‘ஒன்றாவது உண்டு’ என்பதை மட்டும் வைத்தால் என்ன? மருத்துவ அறிவுக்கு அதுவே பெரும்பாலும் போதும். குடல்வால் அழற்சி என்பது என்ன? ஒரு நோய், அதில் அழற்சி என்ற மாற்றம் உண்டு, அது நிகழும் இடம் குடல்வால். இதில் ‘எல்லாம்’ எங்கே வருகிறது? பாடெரும் செபாஸ்டியன் பிராண்ட், கார்ஸ்டன் லுட்ஸ் ஆகியோரும் 2005-ல் வெளியிட்ட ஆய்வு, ஈஎல் எனப்படும் இந்த மொழியில் எதைச் சேர்த்தால் வேகம் நிலைக்கும், எதைச் சேர்த்தால் குலையும் என்று எல்லை போட்டுக் கொடுத்தது.

இந்த மொழியில் கணினி யோசிக்கும் விதத்தை ஒரு சிறு உதாரணத்தில் காட்டிவிடலாம். அதற்கு ஆறு செய்திகள் தெரியும் என்று வைத்துக்கொள்வோம். வைரஸ் நிமோனியா என்பது நிமோனியா. அதன் காரணி வைரஸ். நிமோனியா என்பது நுரையீரல் நோய். வைரஸ் என்பது நோய்க்கிருமி. நோய்க்கிருமியைக் காரணியாக உடையது தொற்றுநோய். நுரையீரல் நோயாகவும் தொற்றுநோயாகவும் இருப்பது நுரையீரல் தொற்று. முதல் விதி, வகையின் வகையைச் சேர்க்கிறது: வைரஸ் நிமோனியா நுரையீரல் நோய். இரண்டாம் விதி, உறவின் வழியே போகிறது: காரணி வைரஸ், வைரஸ் ஒரு கிருமி, ஆகவே இது தொற்றுநோய். மூன்றாம் விதி, இரண்டையும் சேர்க்கிறது: ஆகவே நுரையீரல் தொற்று. யாரும் எழுதி வைக்காத மூன்று உண்மைகள் கையில் இருக்கின்றன. கவனிக்க வேண்டியது, இங்கே கணினி எதையும் ‘இப்படி இருக்குமோ’ என்று வைத்துப் பார்த்து, பிறகு தப்பென்று திரும்பி வரவில்லை. கிடைத்ததைச் சேர்த்துக்கொண்டே போகிறது. சேர்க்கப் புதிதாக ஒன்றும் இல்லாதபோது நின்றுவிடுகிறது. சேர்க்கக்கூடியவற்றுக்கு ஓர் உச்சவரம்பு உண்டு என்பதால் அந்த இடம் சீக்கிரமே வந்துவிடும்.

ஸ்நோமெட் அளவில் இது லேசான வேலை என்று நினைத்துவிடக் கூடாது. மூன்றரை லட்சம் கருத்துகளை ஜோடி ஜோடியாக எடுத்து, இது அதன் வகையா என்று சோதித்தால் 12,250 கோடி சோதனைகள். சேர்த்துக்கொண்டே போகும் முறையில் ஒரே ஓட்டத்தில் எல்லா வகை உறவும் கிடைத்துவிடுகிறது. ஆக்ஸ்ஃபோர்டில் எழுதப்பட்டு 2011-ல் வெளிவந்த எல்க் என்ற நிரல், இந்த வேலையைக் கணினியின் பல கருக்களுக்குப் பிரித்துக் கொடுத்து, முழு ஸ்நோமெட்டையும் சாதாரணக் கணினியிலேயே சில வினாடிகளில் வகைப்படுத்திக் காட்டியது.

விரல் பிழை பிடிபட்ட விதமும் இதோடு சேர்ந்ததுதான். அபத்தமான முடிவு வந்தது சரி. மூன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட வாக்கியங்களில் எவை சேர்ந்து அதை உண்டாக்கின? கண்ணால் தேடினால் ஆயுசு போதாது. ட்ரெஸ்டனில் பாடெரும் அவரிடம் ஆய்வு செய்த தாய்லாந்து மாணவர் சுந்திஸ்ரீவராபோர்னும், ஒரு முடிவுக்குத் தேவையான மிகச் சிறிய வாக்கியக் கூட்டத்தைப் பிரித்தெடுக்கும் முறையை உருவாக்கி ஸ்நோமெட்டின் மேல் ஓட்டினார்கள். குற்றவாளிகள் ஆறே ஆறு வாக்கியங்கள். அதைக் காட்டியதோடு நிற்காமல், 2008-ல் மாற்று வழியையும் முன்வைத்தார்கள்: மும்மூன்று பதிவு வேடங்களைத் தூக்கிவிட்டு, பகுதி உறவை உள்ளபடியே எழுதுங்கள், ‘நோய் உள்ள இடம் விரல், விரல் கையின் பகுதி, ஆகவே நோய் உள்ள இடம் கை’ என்ற விதியை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். நோய்க்கு இந்த விதி பொருந்தும். துண்டிப்புக்கு அதைப் பொருத்தாமல் விட்டுவிடலாம். இத்தகைய விதியைச் சேர்த்தாலும் ஈஎல் மொழியின் வேகம் குலைவதில்லை என்பது முன்பே நிரூபணமாகியிருந்தது. முதல் தலைமுறை எதற்குப் பயந்து குறுக்கு வழியில் போனதோ, அந்தப் பயத்துக்கே இடமில்லாமல் போயிற்று.

மொழியை நறுக்காமல் வேகம் தேடியவர்களும் உண்டு. டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் 1980 முதல் தன் கணினிகளின் பாகங்களைப் பொருத்தம் பார்த்துச் சேர்க்க, ஆயிரக்கணக்கான ‘இப்படி என்றால் அப்படிச் செய்’ விதிகள் கொண்ட எக்ஸ்கான் நிரலைப் பயன்படுத்தியது. ஒவ்வொரு படியிலும் எல்லா விதிகளையும் எல்லாத் தகவல்களோடும் ஒப்பிட்டால் நிரல் நகராது. சார்லஸ் ஃபோர்கி கண்ட ரீட்டே முறை, ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் இடையில் மாறுவது ஓரிரு தகவல்தான் என்பதைப் பிடித்துக்கொண்டது; பாதி பொருந்திய விதிகளை நினைவில் வைத்திருந்து, மாறியதை மட்டும் புதிதாகப் பார்க்கும். வங்கி, காப்பீட்டு மென்பொருள்களின் விதி எந்திரங்களில் அந்த யோசனை இன்றும் ஓடுகிறது.

கிளை பிரியும் கணக்குகளோடேயே நேருக்கு நேர் மோதியவர்கள் இன்னொரு வகை. மோதிய கிளை ஏன் தோற்றது என்று ஆராய்ந்து, அந்தக் காரணத்தை ஒரு புது விதியாக எழுதிக்கொண்டால், அதே காரணத்தால் தோற்கப்போகும் லட்சக்கணக்கான கிளைகளுக்குள் நுழையவே வேண்டாம். தொண்ணூறுகளின் நடுவில் வந்த இந்த உத்தியால் சாட் தீர்ப்பிகள் எனப்படும் நிரல்கள் திடீரென்று பலம் பெற்றன. 2016-ல் மூன்று ஆய்வாளர்கள் டெக்சாஸ் மீக்கணினி ஒன்றின் 800 கருக்களை இரண்டு நாள் ஓட்டி, பித்தகோரஸ் மும்மைகளைப் பற்றிய ஒரு பழைய புதிரை விடுவித்தார்கள். நிரூபணத்தின் அளவு 200 டெராபைட். வியக்கலாம், ஆனால் இதை நம்பி மருத்துவமனைப் பதிவேட்டை ஓட்ட முடியாது. ஒரு கேள்விக்கு ஒரு நொடி, அதைப் போலவே தோன்றும் அடுத்த கேள்விக்கு ஒரு மாதம் என்றால் வரிசையில் நிற்கும் நோயாளிக்கு என்ன பதில் சொல்வது?

எல்லாவற்றையும் எழுதியே தீருவேன் என்று கிளம்பியவர் டக்ளஸ் லெனட். மனிதனின் பொது அறிவு முழுவதையும் கையாலேயே எழுதிச் சேர்க்கும் சைக் திட்டத்தை 1984-ல் டெக்சாஸின் ஆஸ்டின் நகரில் தொடங்கினார். 2023-ல் இறக்கும்வரை விடவில்லை. அவர் மொழியை நறுக்க மறுத்தார். எதையும் சொல்லலாம் என்று வைத்துக்கொண்டார். ஆனால் யோசிக்கும் பொறுப்பை ஆயிரத்துக்கும் மேற்பட்ட தனித்தனி நிபுணப் பகுதிகளிடம் பிரித்துக் கொடுத்தார். ஒவ்வொன்றுக்கும் ஒரு குறுகிய வகைக் கேள்வி மட்டும் வேகமாகத் தெரியும். எந்தக் கேள்விக்கும் ஈடுகொடுக்க வேண்டிய பொதுத் தர்க்கப் பகுதி எப்போது அழைத்தாலும் நேரம் போதாமல் திணறியதால், ஒரு கட்டத்தில் அதை அணைத்தே விட்டதாகவும், அதற்குப் பிறகு அதை மீண்டும் போட வேண்டிய தேவை வரவில்லை என்றும் அவர் எழுதியிருக்கிறார். மொழியைக் குறுக்க மறுத்தவரும் கடைசியில் யோசனையைக் குறுக்கித்தான் பிழைத்தார் என்று இதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

இன்னொரு விஷயத்தைச் சொல்லாமல் விட முடியாது. சொல்லாததை என்னவென்று எடுத்துக்கொள்வது? ரயில் அட்டவணையில் இரவு இரண்டு மணிக்கு வண்டி இல்லை என்றால், வண்டி இல்லை என்றே அர்த்தம். பட்டியலில் இல்லாதது உலகத்திலும் இல்லை என்ற இந்த மூடிய உலக அனுமானத்துக்கு எழுபதுகளின் இறுதியில் ரேமண்ட் ரைட்டர் முறையான வடிவம் கொடுத்தார். தரவுத்தளங்கள் இதன்மேல்தான் ஓடுகின்றன. நோயாளியின் பதிவேட்டில் பெனிசிலின் ஒவ்வாமை பற்றி ஒரு வரியும் இல்லை என்றால், ஒவ்வாமை இல்லை என்று ஊசி போடலாமா? கூடாது, யாரும் கேட்கவில்லை என்று மட்டுமே அர்த்தம். ஸ்நோமெட் போன்றவற்றின் தர்க்கம் திறந்த உலகத்தை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் இதுதான். இரண்டையும் ஒரே மென்பொருளுக்குள் கவனமில்லாமல் கலப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு வயிற்றில் புளியைக் கரைக்கிறது.

சாட்ஜிபிடி காலத்தில் இந்தப் பழங்கதை எதற்கு என்று கேட்பவர்களுக்கு: பெரிய மொழி மாதிரிகள் எதை வேண்டுமானாலும் சொல்லும், எந்த மொழியிலும் சொல்லும், உடனே சொல்லும். சொன்னதற்கு எந்த ஆறு வாக்கியங்கள் காரணம் என்று பிரித்துக் காட்டச் சொல்லுங்கள் பார்க்கலாம். காரணம் போல் ஒன்றை அழகாக எழுதித் தரும். உள்ளே உண்மையில் நடந்தது அதுதானா என்று சரிபார்க்க வழியில்லை. லெனட் தம் கடைசி மாதங்களில் கேரி மார்க்கஸுடன் சேர்ந்து எழுதிய கட்டுரையின் சாரமும் இதுதான்: இரண்டு வகை இயந்திரங்களும் சேர்ந்தால்தான் நம்பத்தக்க ஒன்று கிடைக்கும். சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சான்று 2024 ஜனவரியில் வந்தது. கூகுள் டீப்மைண்டின் ஆல்ஃபாஜியோமெட்ரி, சர்வதேசக் கணித ஒலிம்பியாடில் இடம்பெற்ற 30 வடிவியல் கணக்குகளில் 25-ஐத் தீர்த்தது. இங்கே ஒரு கோடு போட்டுப் பார், அங்கே ஒரு புள்ளி வைத்துப் பார் என்று யோசனை சொல்வது மொழி மாதிரி. அதிலிருந்து அடுத்தடுத்து என்னென்ன விளையும் என்று முடிவுகளைச் சேர்த்துக்கொண்டே போவது, வடிவியல் விதிகளை மட்டும் அறிந்த ஒரு சின்னத் தர்க்க நிரல். நிரூபணத்தின் ஒவ்வொரு வரியும் ஏன் வந்தது என்று அதனிடம் கணக்கு உண்டு.

என் கட்சி இதில் தெளிவு. ஊகித்துப் பேசுகிறவன் எவ்வளவு வேண்டுமானாலும் பேசட்டும். மருந்து அளவு, கடன் தகுதி, விமானப் பராமரிப்பு போன்ற இடங்களில் கடைசிச் சொல், கேட்டால் காரணம் காட்டத் தெரிந்த இயந்திரத்திடம் இருக்க வேண்டும். அந்த இயந்திரத்துக்கு அறிவை எழுதித் தரும் வேலை கூகுளிலோ ட்ரெஸ்டனிலோ மட்டும் நடக்க வேண்டியதில்லை. ஸ்நோமெட் சிடி-யை இந்தியாவுக்குள் பயன்படுத்த உரிமக் கட்டணம் கிடையாது. புனேயில் சி-டாக் நடத்தும் தேசிய மையத்தில் பதிவு செய்தால் கிடைக்கும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ப்ரோட்டேஜே மென்பொருள் இலவசம். அதற்குள்ளேயே எல்க் ஓடும். கணினி அறிவியல் இறுதியாண்டு மாணவர்கள் வருஷா வருஷம் அதே உரையாடு செயலியைச் செய்து மதிப்பெண் வாங்குவதை விட்டுவிட்டு, பக்கத்து அரசு மருத்துவமனை மருத்துவர் ஒருவரைப் பிடித்து, அவர் துறையின் ஐம்பது நோய்களையாவது இந்த மொழியில் எழுதிப் பாருங்கள்.